நாலுகால் நண்பனோடு யோகாசனம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



தலைப்பைப் பார்த்ததும், "மலர்க் குழுவுக்கு வேற கட்டுரையே கிடைக்கலையா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். போன வருஷ மலரில் அணுசக்தி, கம்ப்யூட்டர், வேலைவாய்ப்பு என்று எல்லாம் வந்துவிட்டது. நான் எழுத வந்திருப்பது நாயும் மனிதனும் சேர்ந்து யோகா செய்வதைப் பற்றி. இதற்கு வெளிநாட்டில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'டோகா'. டாக் என்பதில் பாதி, யோகா என்பதில் பாதி. காசு கட்டி, பாய் சுருட்டி, நாயைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நமக்கே குனிஞ்சு நிமிர நேரமில்ல, நாய்க்கு யோகாவாடா?" என்றார். நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் நடக்கிற மனுஷன் அப்படித்தான் கேட்பார். கேள்வியும் நியாயமானதுதான். அதனால் நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாய்க்கு யோகா சொல்லிக் கொடுக்க நாம் கிளம்புவதற்கு முன்னாலேயே நாயிடமிருந்து நாம் யோகா வாங்கிவிட்டோம். யோகாசனப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கும். புஜங்காசனம் பாம்பு, மயூராசனம் மயில், குக்குடாசனம் கோழி, உஷ்ட்ராசனம் ஒட்டகம், மகராசனம் முதலை, சலபாசனம் வெட்டுக்கிளி. அந்த வரிசையில் நாய்க்கு ஒன்றல்ல, இரண்டு ஆசனம் உண்டு. முகம் கீழ்நோக்கிய நாய், அதாவது அதோ முக ஸ்வானாசனம். முகம் மேல்நோக்கிய நாய், அதாவது ஊர்த்துவ முக ஸ்வானாசனம். 'ஸ்வானம்' என்றால் நாய். கையும் காலும் தரையில், இடுப்பு வானத்தைப் பார்த்து, தலை இரண்டு கைக்கு நடுவில் தொங்க, ஆங்கில எழுத்து 'ஏ' போல நிற்போமே, அதுதான் முதலாவது. சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் தினமும் இந்த இரண்டு நாயையும் கடந்துதான் வருகிறார்கள்.

யோகாசனங்களை இன்று நாம் பார்க்கும் வடிவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூரில் இருந்தபோது 1934-ல் அவர் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' என்ற நூலில் இந்த ஆசனங்கள் இருக்கின்றன. பிறகு சென்னைக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்து, நூறு வயது கண்டு, 1989-ல் மறைந்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் 1966-ல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' புத்தகம்தான் அமெரிக்கா, ஐரோப்பா முழுக்க இந்த நாய் ஆசனத்தைக் கொண்டு சேர்த்தது. ஆக, நம் வாசலில் படுத்திருக்கிற நாயின் சோம்பல் முறிப்பு மைசூர், சென்னை, புனே வழியாக நியூயார்க் போய், அங்கிருந்து 'டோகா' என்ற பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

சோம்பல் முறிப்பு என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தூங்கி எழுந்த நாய் எடுத்தவுடன் ஓடாது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, நெஞ்சைத் தரைக்குக் கொண்டு வந்து, பின்பக்கத்தை மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்து ஒரு கொட்டாவி விடும். அடுத்து உடம்பை முன்னால் தள்ளி, பின்னங்கால்களைப் பின்னால் நீட்டும். சில நாய் ஒவ்வொரு காலாக நீட்டி உதறும். அவ்வளவுதான், மொத்தம் பத்து வினாடி. இதற்கு ஆங்கிலத்தில் 'பாண்டிகுலேஷன்' என்று பெயர். இது வெறுமனே இழுப்பது அல்ல. தசையை இறுக்கிக்கொண்டே நீட்டுவது, பிறகு மெல்ல விடுவது. பூனை, மாடு, பிறந்த குழந்தை எல்லாம் செய்கிறது. ஓய்விலிருந்து வேலைக்கு மாறும் முன்னால் உடம்பு தன்னைத்தானே தயார் செய்துகொள்கிறது. லேத் மெஷினை ஆன் செய்தவுடனே கட் கொடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுகிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே மாதிரி இன்னொரு நிலையும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அர்த்தம் வேறு. இரண்டு நாய் விளையாடும்போது ஒன்று திடீரென்று முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி நிற்கும். "இப்ப நான் கடிக்கப் போறது விளையாட்டுக் கடி, கோபிச்சுக்காதே" என்பது அதன் பொருள். மார்க் பெக்காஃப் என்ற அமெரிக்க விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர் 1995-ல் இதைப் பற்றி எழுதினார். தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய கடி, உலுக்கல் போன்ற செயலுக்குச் சற்று முன்போ பின்போதான் இந்த வணக்கம் அதிகம் வருகிறது என்று கண்டார். நாம் எழுதும்போது போடுகிற காற்புள்ளி, ஆச்சரியக்குறி போல என்றார். நாயின் ஆசனம் ஒரு சொல்லும்கூட. நாம் குனிந்து நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் நாய் துள்ளிக்கொண்டு வந்து முகத்தை நக்குகிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதா? விளையாடக் கூப்பிடுகிறோம் என்று அது நினைத்துக்கொள்ளலாம்!

சரி, டோகா எப்படி வந்தது? 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தில்தான் இது பேச்சுக்கு வந்தது. சூஸி டைட்டில்மேன் என்ற யோகா ஆசிரியை வீட்டில் பயிற்சி செய்யும்போது அவருடைய காக்கர் ஸ்பேனியல் நாய் பாயில் வந்து படுத்துக்கொள்ளுமாம். விரட்டாமல் அதையும் சேர்த்துக்கொண்டார். பிறகு வகுப்பாக நடத்தினார். 2003-ல் ஜெனிஃபர் பிரில்லியன்ட் என்ற யோகா ஆசிரியையும் வில்லியம் பெர்லோனி என்ற விலங்குப் பயிற்சியாளரும் சேர்ந்து 'டோகா' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார்கள். இந்தப் பெர்லோனி சாமானியர் அல்ல. 1977-ல் 'ஆனி' என்ற பிராட்வே இசை நாடகத்துக்காக, காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு நாயை எடுத்துப் பழக்கி மேடையேற்றியவர். அப்புறம் லண்டன், ஹாங்காங் என்று பரவியது. 2016 ஜனவரியில் ஹாங்காங்கில் சுசெட் ஆக்கர்மன் என்ற ஆசிரியை நடத்திய வகுப்பில் 270 பேர் தங்கள் நாய்களோடு கலந்துகொண்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். 270 நாய் ஒரே இடத்தில்! நம் தெருவில் மூன்று நாய் சேர்ந்தாலே ராத்திரி தூங்க முடிவதில்லை.

நம் நாட்டிலும் உண்டு. 2015 முதல் ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடுகிறோம். 2019-ல் ராணுவத்தின் நாய்ப் படைப் பிரிவும், ஜம்முவில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பிரிவும் வீரர்களோடு சேர்ந்து யோகா செய்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வீரர் படுத்தால் நாயும் படுக்கிறது, வீரர் உருண்டால் நாயும் உருள்கிறது. பலர் சிரித்தார்கள். ஆனால் படத்தில் இருந்தவை பல மாதம் பயிற்சி பெற்ற நாய்கள். ராணுவ நாய்களுக்கு மீரட்டில் தனிப் பயிற்சி மையமே இருக்கிறது. 'உட்கார்', 'படு', 'தவழ்', 'உருள்' எல்லாம் அவற்றுக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளைகள். யோகா தினத்தன்று அதே கட்டளைகளை வரிசையாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். யாரும் நாயின் காலைப் பிடித்து வளைக்கவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் இதைப் பார்த்துச் செய்தவர்கள் வளைத்தார்கள்.

அதற்கு வருமுன் கொஞ்சம் அப்ளைடு மெக்கானிக்ஸ். பயப்படாதீர்கள், அரியர் வைத்தவர்களுக்கும் புரியும்.

நாய் நாலு காலில் நிற்பதை இரண்டு முட்டில் தாங்கிய பீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில், 40 சதவீதம் பின்னங்காலில் விழுகிறது. தலையும் கழுத்தும் நெஞ்சும் முன்னால் இருப்பதால் இப்படி. 20 கிலோ நாய் என்றால் முன்னால் 12, பின்னால் 8. முன்னங்காலை வைத்து மொமெண்ட் எடுங்கள்: 8 × L = 20 × x. x = 0.4L வரும். புவியீர்ப்பு மையம் முன்னங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது அதே நாயின் முன்னங்காலைத் தூக்கி இரண்டு காலில் நிறுத்துங்கள். மொத்தம் 20 கிலோவும் பின்னால். ஒரு பின்னங்காலுக்கு 4 கிலோ இருந்த இடத்தில் 10 கிலோ, அதாவது இரண்டரை மடங்கு. அதோடு, மையத்தைப் பின்னங்காலுக்கு நேர்மேலே கொண்டுவர முதுகெலும்பு நிமிர வேண்டும், இடுப்பு மூட்டு இயல்புக்கு மீறித் திறக்க வேண்டும். நம் இடுப்பு அதற்கென்றே அமைந்தது, நாயின் இடுப்பு அப்படி அல்ல.

இன்னும் இரண்டு விஷயம். நாயின் பின்னங்காலில் 'முட்டி பின்பக்கமா மடங்குது' என்று நாம் சொல்கிற இடம் முட்டியே இல்லை, அது குதிகால். முட்டி அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நாய் எப்போதும் விரல் நுனியில்தான் நடக்கிறது. நாள் முழுக்க எக்கி நிற்கிற ஒருவனை 'இன்னும் கொஞ்சம் எக்கு' என்று சொன்னால் எப்படி இருக்கும்! அடுத்தது தோள். நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அது பெயரளவுக்குத்தான். முன்னங்கால் உடம்போடு எலும்பு மூட்டால் சேரவில்லை. தசைகளால் தொட்டில் மாதிரி தொங்குகிறது. லாரியில் லீஃப் ஸ்பிரிங் போல ஓடும்போது அதிர்ச்சியைத் தாங்க அருமையான ஏற்பாடு. முன்னும் பின்னும் வீசுவதற்கு ஏற்றது. ஆனால் பக்கவாட்டில் விரித்தாலோ, முன்னங்காலைப் பிடித்து உடம்பைத் தொங்கவிட்டாலோ அந்தத் தசைகள்தான் இழுபடும், கிழியவும் கூடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யோகா தின நிகழ்ச்சி ஒன்றில் நம் விடுதி வாசல் நாய் மணியை மேடையேற்றினார்கள். யார், எவர் என்று எழுதப் போவதில்லை. எல்லாம் நம் பிள்ளைகள்தான். பெரிய ஸ்பீக்கர், கூட்டம், காலை பத்தரை மணி வெயில். மணியை முன்னங்காலைப் பிடித்து நிமிர்த்தி 'விருட்சாசனம்' என்று அறிவித்தார்கள். போட்டோ எடுக்க நேரமாயிற்று. மணி முகத்தைத் திருப்பியது, உதட்டை நக்கியது, வாலைக் காலுக்கிடையே சொருகியது, உறுமியது. உறுமியதற்கு ஒரு தட்டு வாங்கியது. அதற்குப் பிறகுதான் கடித்தது. பெரிய கடி இல்லை, தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அந்த நண்பருக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஊசிகள் போட்டார்கள், நல்லபடியாக இருக்கிறார். ஆனால் மறுநாளே "கடிக்கிற நாயை வளாகத்துல வைக்கக் கூடாது, வண்டியைக் கூப்பிட்டுப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்று பேச்சு வந்தது. நாலு வருஷமாக ராத்திரி வாட்ச்மேனோடு சேர்ந்து காவல் காத்த நாய், ஒரே நாளில் கடிநாய் ஆகிவிட்டது. இந்தப் பேச்சு இன்னும் முழுசாக ஓயவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத அதுவே காரணம்.

மணி செய்தது என்ன? நாய் பாஷையில் நாலு தடவை 'வேண்டாம்' என்று சொல்லியது. முகத்தைத் திருப்புவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, காதைப் பின்னால் மடக்குவது, உடம்பு கட்டை மாதிரி விறைப்பது, எல்லாமே பயம் அல்லது சங்கடத்தின் அடையாளம். உறுமல் கடைசி எச்சரிக்கை. உறுமினதற்கு அடித்துப் பழக்கினால் நாய் கடிப்பதை நிறுத்தாது, உறுமுவதை மட்டும்தான் நிறுத்தும். பிரேக் லைட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டுவது போல. வாலாட்டுகிறதே என்றும் நம்பிவிடக் கூடாது. 2007-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். எஜமானரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலது பக்கம் அதிகம் வீசுகிறது. முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடது பக்கம் அதிகம் வீசுகிறது. வாலிலும் இரண்டு கட்சி!

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. டோகா புகழ் பெற்றதும் 'குட்டி யோகா' என்று ஒன்று கிளம்பியது. நம் வீட்டு நாயை நாம் கூட்டிப் போவது இல்லை அது. வளர்ப்பவர்களிடமிருந்து குட்டிகளைக் கூட்டமாக வாடகைக்குக் கொண்டு வந்து, முன்பின் தெரியாத ஆட்கள் நடுவே விட்டு, படம் எடுப்பது. நாய்க்குட்டி ஒரு நாளில் ஏறக்குறைய 18 மணி நேரம் தூங்க வேண்டியது. 2023-ல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விசாரித்தபோது, சில இடங்களில் குட்டிகளுக்குத் தூக்கமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பது வெளியே வந்தது. 2024-ல் இத்தாலி சுகாதார அமைச்சகம் யோகா வகுப்பில் குட்டிகளைப் பயன்படுத்தக் கூடாது, வளர்ந்த நாய்கள் மட்டுமே என்று சொல்லிவிட்டது. எனக்கு இது சரியான முடிவாகத்தான் படுகிறது.

அப்படியானால் டோகாவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. நாய்க்கு ஆசனம் வேண்டாம், அதற்கு அது தெரியும். நாம் ஆசனம் செய்யும்போது நாய் பக்கத்தில் இருப்பதில் நமக்கும் அதற்கும் பலன் உண்டு. இதற்கு நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன.

2003-ல் தென்னாப்பிரிக்காவில் ஓடெண்டால், மைன்ட்யஸ் என்ற இருவர், மனிதர்கள் நாயை அமைதியாகத் தடவிக் கொடுக்கும்போது இரண்டு பேர் ரத்தத்தையும் சோதித்தார்கள். இருவருக்கும் ரத்த அழுத்தம் இறங்கியது. ஆக்ஸிடோசின் போன்ற, பாசத்தோடும் நிம்மதியோடும் சம்பந்தப்பட்ட சுரப்புகள் இருவருக்கும் கூடின. ஆனால் மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் மனிதர்களுக்குத்தான் குறைந்தது, நாய்களுக்கு அப்படிக் குறையவில்லை. அதாவது நமக்குக் கிடைக்கிற நிம்மதி அப்படியே அதற்கும் கிடைக்கிறது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. 2015-ல் ஜப்பானில் நாகசாவா, கிகுசுயி குழுவினர் இன்னொன்று காட்டினார்கள். நாயும் அதன் மனிதரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் குழந்தைக்கும் நடப்பது போல. மனிதர் கையில் வளர்ந்த ஓநாயிடம் இது நடக்கவில்லை. 2019-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பத்தே நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொடுத்த மாணவர்களுக்கு எச்சிலில் கார்ட்டிசால் குறைந்திருந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை.

பத்து நிமிடம்! நம்மில் எத்தனை பேர் போர்டு எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி தூங்குகிறோம்? என் வீட்டில் நான்தான் முதலில் பத்தாம் வகுப்பு தாண்டியவன். ஒரு பேப்பர் போனால் என்ன ஆகும் என்று வீட்டில் யாருக்கும் விளக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. "ஃபெயிலானா என்னடா, ஆடு இருக்கு" என்று அம்மா தைரியம் சொல்லும். அந்த வார்த்தையே பயமாக இருக்கும். இதையெல்லாம் ரூம்மேட்டிடம்கூடச் சொல்ல முடியாது, அவனும் அதே நிலைமையில்தான் இருப்பான். நாய் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் படுத்து மூச்சு விடும். நமக்கு அந்த மூச்சே போதும்.

மூச்சு என்றதும் ஒரு எச்சரிக்கை. நாய்க்குப் பிராணாயாமம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வாயைப் பொத்துவது, மூக்கைப் பிடிப்பது மகா பாவம். நாய்க்கு வியர்த்துச் சூடு தணிகிற வசதி பாதத்தோடு சரி. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதுதான் அதன் ரேடியேட்டர். ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 30 மூச்சு விடுகிற நாய், வெயிலில் 200-ஐயும் தாண்டும். அதன் சாதாரண உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வெயில் நேரத்தில் 104-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். எனவே காலை ஆறு மணிக்கு முன்பின், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. சிமெண்டுத் தரையில் புறங்கையை ஐந்தாறு வினாடி வைக்க முடியவில்லை என்றால் அதில் நாயும் நிற்கக் கூடாது.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நான் கோடை விடுமுறையில் வீட்டில் செவலையோடு செய்தது, விடுதியில் மணியோடு இப்போது செய்வது. செவலை சிப்பிப்பாறைக் கலப்பு, வயது ஒன்பது. (நம் ஊர் நாய் என்றால் கேவலமா என்ன? ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டிருக்கிறது.)

நமக்குப் பாய், நாய்க்குச் சாக்கு. துவைத்த கோணிச் சாக்கு நகத்துக்கு நல்ல பிடிமானம் தரும். மொசைக், டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பு போய்விடும். சாப்பிட்டவுடன் கூடாது, இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வர வாய்ப்பு அதிகம், அது உயிரையே கொண்டு போகும். ஊதுபத்தி, யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் பக்கத்தில் வேண்டாம். நமக்கு மணம், அதன் மூக்குக்கு அடி. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷமும்கூட.

முதலில் நாய் வருகிறதா பாருங்கள். கூப்பிட்டு, அது வந்து படுத்தால் சரி. வராவிட்டால் அன்றைக்கு நீங்கள் மட்டும் செய்யுங்கள். கயிறு போட்டு இழுத்து உட்கார வைக்காதீர்கள். சுகாசனத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மெல்ல மூச்சு விடுங்கள். ஒரு கையை அதன் விலாவின் பக்கவாட்டில் வையுங்கள், தலைமேல் அல்ல. தலைக்கு மேலே கை வருவது பல நாய்க்குப் பிடிக்காது. அதன் மூச்சோடு நம் மூச்சைச் சேர்க்க முயல வேண்டாம், முடியாது. எண்ணினாலே போதும், மனசு அடங்கும். மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது நெருங்கி வந்தால் இன்னொரு மூன்று வினாடி. நகர்ந்தால் விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் ஆசனங்களை நீங்கள் செய்யுங்கள். நாய்க்கு மேலே கால் வீசுகிற, விழ வாய்ப்புள்ள ஆசனம் எதுவும் அது பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். சிரசாசனத்தில் நீங்கள் தலைகீழாக நிற்கும்போது நாய் வந்து மூக்கை நக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாயையும் ஆசனம் செய்ய வைத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அது தானாகச் செய்வதைப் 'பிடிப்பது'. காலையில் செவலை எழுந்து சோம்பல் முறிக்கிற இடத்தில் போய் உட்காருவேன். கையில் ஒரு பழைய பால் பாயிண்ட் பேனா, சட்டைப் பையில் வேகவைத்த முட்டைத் துண்டு. நெஞ்சு தாழ்ந்த அந்த ஒரு வினாடியில் பேனாவை 'டக்' என்று அமுக்குவேன், உடனே முட்டை. டக் சத்தம் வந்தால் முட்டை வரும் என்று முதல் சில நாளில் அதற்குப் புரிந்துவிட்டது. எதற்கு டக் வருகிறது என்று புரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் குனிவதற்குச் சற்று முன்னால் "வணக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் நான் "வணக்கம்" என்றால் அது குனிந்தது. நான் அதன் உடம்பில் விரல்கூட வைக்கவில்லை. அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது, "வணக்கம்... வணக்கம்டா" என்று அவர் குரல் கேட்டது!

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். வயசான நாய், குட்டி நாய், டாஷ்ஹண்ட் மாதிரி நீள முதுகு நாய்களுக்கு முதுகுத்தண்டு வில்லைகள் சீக்கிரம் பிதுங்கும், அவற்றை நிமிர்த்தி நிறுத்தவோ உருட்டவோ கூடாது. பெரிய இன நாய்களுக்கு ஒன்று, ஒன்றரை வயது வரை எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், அதுவரை குதிக்க வைப்பதும் ஆகாது. செவலைக்கு இப்போது பின்னங்கால் கொஞ்சம் விறைப்பு. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு மெல்ல நடக்க விடு, இழுத்து நீட்டாதே என்றார். அதனால் "வணக்கம்" அதுவாகச் செய்தால் உண்டு, நான் கேட்பதில்லை.

இனி மணி விஷயம். தெரு நாயோ விடுதி நாயோ, தடுப்பூசி போடாத நாயோடு பாய் விரிக்காதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்தில்லை, வருமுன் தடுத்தால் நூற்றுக்கு நூறு தப்பலாம். கடியோ பிராண்டலோ எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. முதல் நாள் ஊசியோடு "சரியாயிடுச்சு" என்று நிறுத்தாமல், சீட்டில் எழுதிக் கொடுத்த தேதி ஒவ்வொன்றுக்கும் போக வேண்டும். நாய்க்கு ஆண்டுக்கு ஒரு ஊசி, இடையிடையே குடற்புழு மருந்து.

சம்பவத்துக்கு மறுநாள் முதல் பத்து நாள் நானும் எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இருவரும் மணியைக் கவனித்து ஒரு நோட்டில் எழுதினோம். நன்றாகச் சாப்பிட்டது, நன்றாக இருந்தது. நோட்டை வார்டன் சாரிடம் கொடுத்தோம். "ஊசி போட்ட சீட்டைக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆட்டோ பிடித்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போய் ஊசி போட்டோம், சீட்டு ஆபீசில் இருக்கிறது. அடுத்த ஊசி வரும் ஜூன் மாதம். அப்போது நாங்கள் மூன்று பேரும் இன்பிளாண்ட் டிரெயினிங்கில் இருப்போம். முதலாம் ஆண்டு நண்பர்கள் இரண்டு பேர் பெயர் கொடுத்தால் நல்லது. மணிக்கு முட்டையின் மஞ்சள் பிடிக்கும். ஆட்டோவில் ஏற்றும்போது முன்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.